ஐந்து கப்பல்களும் ஓர் எதிரொலியும்

இரண்டாம் உலகப் போரின் திருப்பங்களில் வானொலி அலைகளின் பங்கு



1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சென்னை நகரம் காலியாயிற்று. ஜப்பானியக் கப்பற்படை நகரை நோக்கி வருகிறது என்ற அச்சமே காரணம். அவசியப் பணியில் இல்லாதவர்கள் ஊரை விட்டுப் போய்விடுவது நல்லது என்று அரசே அறிவித்தது. மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ரயிலிலும் மாட்டு வண்டியிலும் உள்நாட்டு ஊர்களுக்குப் புறப்பட்டனர். அரசு அலுவலகங்கள் பல கடற்கரையை விட்டுத் தொலைவான ஊர்களுக்கு மாற்றப்பட்டன. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன செய்வது என்று பயந்து, மிருகக்காட்சிசாலையில் இருந்த சிங்கம், புலி முதலியவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த நாட்களை ‘இவாக்குவேஷன் காலம்’ என்று அன்றைய மக்கள் பின்னாளில் சொல்லி வந்தார்கள்.

அச்சத்துக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. முதல் உலகப் போரின்போது 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போயிற்று. கெட்டிக்காரனை ‘அவன் பெரிய எம்டன்’ என்று நாம் சொல்வது அந்தக் கப்பலின் பெயரால்தான். ஆனால் 1942 ஏப்ரலில் சென்னைக்கு எந்தக் கப்பற்படையும் வரவில்லை.

இதற்கு நான்கு மாதம் முன்பு, இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. பசிபிக் கடலில் ஒரு துறைமுகத்தை நோக்கி உண்மையாகவே ஒரு பெரும்படை வந்தது. கருவி அதைக் கண்டும் விட்டது. ஆயினும் துறைமுகம் உறங்கிக்கொண்டிருந்தது!

வராத படைக்காக ஒரு நகரம் காலியானதும், வந்த படைக்காக ஒரு துறைமுகம் விழிக்காததும் ஏன்? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் இரண்டாம் உலகப் போரின் திருப்பங்கள் பலவற்றைப் புரிந்துகொள்ளலாம். அகாகி, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, சுயிகாகு என்ற ஐந்து ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் நமக்கு வழிகாட்டும். முதலில் கொஞ்சம் இயற்பியல்.

எதிரொலி சொல்லும் தொலைவு

கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் நின்று, தெளிந்த நாளில் மேற்கே பாருங்கள். கல்வராயன் மலைத்தொடர் நீல நிறத்தில் தெரியும். மலை 15 கி.மீ. தொலைவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். அங்கே சென்று மோதித் திரும்பக்கூடிய ஒரு பெரும் ஓசையை நீங்கள் எழுப்ப முடிந்தால், அதன் எதிரொலி வந்து சேர ஏறக்குறைய 88 வினாடி ஆகும். ஓர் ஒலியின் எதிரொலிக்காக ஒன்றரை நிமிடம் காத்திருக்க வேண்டும்!

ஒலிக்குப் பதில் வானொலி அலையை அனுப்பினால்? அதன் வேகம் வினாடிக்கு 3,00,000 கி.மீ. போகவர 30 கி.மீ. தூரத்தை அது வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். அந்தச் சிறு நேரத்தை அளந்துவிட்டால், மலைக்குப் போகாமலே மலையின் தொலைவைச் சொல்லிவிடலாம். இரவோ பகலோ, மேகமோ மூடுபனியோ, எதுவும் தடையில்லை. இதுவே ரேடாரின் தத்துவம். வானொலியால் ஒரு பொருளைக் கண்டு அதன் தொலைவை அறிதல் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே அந்தப் பெயர்.

1935 பிப்ரவரி 26ஆம் நாள், இங்கிலாந்தில் டாவன்ட்ரி என்னும் ஊருக்கருகே வாட்சன்-வாட், வில்கின்ஸ் என்ற இருவர் இதைச் சோதித்துக் காட்டினர். பி.பி.சி.யின் சிற்றலை ஒலிபரப்பே அவர்களுக்கு விளக்கொளி. அந்த அலைகள் பறக்கும் விமானத்தில் பட்டுத் திரும்புவதை ஏற்பியில் கண்டனர். ஐந்தே ஆண்டுகளில் இது ஒரு நாட்டின் தலைவிதியைத் தீர்மானிக்கும் கருவியாயிற்று.

பிரிட்டன், 1940: கோபுரமும் மேசையும்

1940 கோடையில் பிரான்ஸ் வீழ்ந்தது. அடுத்து பிரிட்டன்தான் என்று உலகமே எண்ணியது. ஜெர்மன் விமானங்கள் அலை அலையாக வந்தன. பிரிட்டனின் போர் விமானங்கள் எண்ணிக்கையில் குறைவு. நாள் முழுவதும் வானத்தில் காவல் சுற்றினால் எரிபொருளும் தீரும், விமானிகளும் களைத்துப் போவார்கள்.

கடற்கரையெங்கும் நிறுத்தப்பட்டிருந்த உயரமான ரேடார் கோபுரங்கள் இங்கே கைகொடுத்தன. எதிரி வரும் திசையும் தூரமும் முன்கூட்டியே தெரிந்ததால், தேவையான நேரத்தில் தேவையான இடத்துக்கு மட்டும் விமானங்களை அனுப்ப முடிந்தது.

ஆனால் கோபுரங்கள் மட்டுமே வென்றன என்று எண்ணாதீர்கள். கோபுரத்திலிருந்து செய்தி தொலைபேசி வழியே ஓர் அறைக்குச் சென்றது. அங்கே பல நிலையங்களின் செய்திகளை ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். ஒரு பெரிய மேசையில் விரித்த வரைபடத்தின் மேல், இளம்பெண்கள் நீண்ட கோல்களால் அடையாளக் கட்டைகளை நகர்த்தினார்கள். விமானங்கள் கடற்கரையைத் தாண்டி உள்ளே வந்த பிறகு, அவற்றைத் தொலைநோக்கியுடன் பார்த்துச் சொன்னவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்கள். ரேடார் அனுப்பிய அலை, கேட்ட காது, சரிபார்த்த மனம், கட்டளையிட்ட வாய் ஆகிய நான்கும் ஒரே சங்கிலியாக இருந்தன. அதனால்தான் எதிரொலி செய்தியாயிற்று, செய்தி செயலாயிற்று.

பேர்ல் துறைமுகம், 1941: கண்டும் காணாதது

1941 டிசம்பர் 7ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. ஹவாய்த் தீவுகளில் ஒரு மேட்டின் மேல் ஓர் அமெரிக்க ரேடார் நிலையம். அதன் அலைநீளம் சுமார் 3 மீட்டர். பணி நேரம் முடிந்துவிட்ட பிறகும், பழகிக்கொள்வதற்காக இரு இளம் சிப்பாய்கள் கருவியை இயக்கிக்கொண்டிருந்தனர். காலை 7.02 மணிக்குத் திரையில் பெரியதொரு எதிரொலி தோன்றியது. தூரம் ஏறக்குறைய 210 கி.மீ. அதாவது, அலை சென்று திரும்பிய நேரம் வினாடியில் ஆயிரத்தில் 1.4 பங்கு.

அவர்கள் தொலைபேசியில் சொன்னார்கள். தகவல் மையத்தில் அப்போது இருந்த அதிகாரி அந்தப் பணிக்குப் புதியவர். அமெரிக்காவிலிருந்து சொந்த நாட்டுக் குண்டுவீச்சு விமானங்கள் சில அன்று காலை வரவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அவைதான் என்று எண்ணிக்கொண்டார். கவலைப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வந்தவை நாம் சொன்ன ஐந்து கப்பல்களும், காகா என்ற ஆறாவது கப்பலும் அனுப்பிய விமானங்கள். எட்டு மணிக்குச் சற்று முன்பு குண்டுகள் விழத் தொடங்கின. அன்று மாண்ட அமெரிக்கர்கள் ஏறக்குறைய 2,400 பேர்.

கருவி பழுதின்றி வேலை செய்தது. அளந்த தொலைவும் சரியே. ‘இது எத்தனை விமானம்? நாம் எதிர்பார்க்கும் சிலவற்றுக்கு இவ்வளவு பெரிய எதிரொலி வருமா?’ என்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் கேட்கப்படவில்லை. முக்கால் மணி நேரம் வீணாயிற்று.

இலங்கை, 1942: நம் கடலில் ஐந்து கப்பல்கள்

சிங்கப்பூர் 1942 பிப்ரவரியில் வீழ்ந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் காகா நீங்கலாக மற்ற ஐந்து கப்பல்களும் இந்துமாக்கடலுக்குள் நுழைந்தன. இலக்கு இலங்கையில் இருந்த பிரிட்டிஷ் கப்பற்படை.

ஏப்ரல் 4ஆம் நாள், இலங்கையின் தென்கோடியில் உள்ள கொக்கலை ஏரியிலிருந்து புறப்பட்ட காட்டலினா என்ற கடல் விமானம் அந்தப் படையைக் கண்டுவிட்டது. அதை ஓட்டியவர் லியனார்ட் பர்ச்சால் என்ற கனடா நாட்டு விமானி. சுட்டு வீழ்த்தப்படுவதற்குள் வானொலியில் செய்தியை அனுப்பிவிட்டார்கள். உயிர் தப்பியவர்கள் போர் முடியும் வரை ஜப்பானியரிடம் கைதிகளாக இருந்தனர். அந்த ஒரு செய்தியால் கொழும்புத் துறைமுகத்தில் இருந்த கப்பல்கள் பல முன்கூட்டியே வெளியேற முடிந்தது.

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. செய்தி தெரிந்திருந்தும், எதிரி விமானங்கள் கொழும்பின் மேல் வந்துவிட்ட பிறகே ரத்மலானையிலிருந்து போர் விமானங்கள் கிளம்பத் தொடங்கின. இழப்பு பெரிதாயிற்று. அன்றே நடுக்கடலில் கார்ன்வால், டார்செட்ஷையர் என்ற இரு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மூழ்கின. ஏப்ரல் 9ஆம் நாள் திருகோணமலையின் முறை. இம்முறை ரேடார் நிலையம் வரும் விமானங்களைச் சுமார் 150 கி.மீ. தூரத்திலேயே கண்டது. கணக்கிட்டுப் பாருங்கள்: அலை சென்று திரும்பியது 300 கி.மீ., ஆன நேரம் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. விமானத்தின் வேகம் மணிக்கு 300 கி.மீ. எனக் கொண்டால், கிடைத்த அவகாசம் 30 நிமிடம். போர் விமானங்கள் மேலே எழும்பித் தயாராக நிற்க முடிந்தது.

ஆனால் முன்னறிவிப்பு எல்லாரையும் காப்பாற்றிவிடவில்லை. திருகோணமலையிலிருந்து விலகிச் சென்ற ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் அப்போது விமானங்களே இல்லை. மட்டக்களப்புக்கு அருகே அதைக் கண்டுபிடித்து மூழ்கடித்தனர். 300க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இதே வாரத்தில் இன்னொரு ஜப்பானியப் படை வங்கக் கடலில் 20க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. ஏப்ரல் 6ஆம் நாள் விசாகப்பட்டினத்தின் மீதும் காக்கிநாடாவின் மீதும் குண்டுகள் விழுந்தன. கிழக்குக் கடற்கரை முழுவதும் நடுங்கியது. கடலில் என்ன இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லப் போதிய கண்கள் சென்னைக்கு இல்லை. அரைகுறைச் செய்தியும் வதந்தியும் அந்த இடத்தை நிரப்பின. நகரம் காலியானது இப்படித்தான். மக்களைக் குறை சொல்வதற்கில்லை. அறிவிப்பு அரசிடமிருந்து வந்தது. ஜப்பானியக் கப்பல்களோ, தாக்குதலை முடித்துக்கொண்டு கிழக்கே திரும்பிவிட்டன.

மிட்வே, 1942: வேட்டையாடியவை வேட்டையாடப்பட்டன

திரும்பிய ஐந்தில் ஷோகாகுவும் சுயிகாகுவும் மே மாதம் பவளக் கடல் போரில் ஈடுபட்டன. முன்னது சேதமடைந்தது, பின்னது விமானங்களையும் விமானிகளையும் இழந்தது. ஆகவே அடுத்த பெரும் போருக்கு அவை வரவில்லை. அகாகி, சோர்யு, ஹிர்யு ஆகிய மூன்றும் காகாவுடன் சேர்ந்து பசிபிக் நடுவே உள்ள மிட்வே தீவை நோக்கிச் சென்றன.

ஹவாயில் இருந்த அமெரிக்கக் குறிமொழி வல்லுநர்கள் ஜப்பானியரின் இரகசியக் குறிமொழியைப் பகுதி பகுதியாக உடைத்திருந்தனர். தாக்கப்படப் போகும் இடத்தின் குறியீடு இரண்டே எழுத்து. அது மிட்வேதானா? ஊகத்தோடு நின்றுவிடாமல் அவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ‘எங்களுக்குக் குடிநீர்த் தட்டுப்பாடு’ என்று மிட்வேயிலிருந்து சாதாரண மொழியில் ஒரு பொய்ச் செய்தியை ஒலிபரப்பச் செய்தார்கள். விரைவில் ஜப்பானியர் தமக்குள் செய்தி பரிமாறினர்: அந்த இரண்டெழுத்து இடத்தில் நீர்ப் பஞ்சமாம்! ஐயம் தீர்ந்தது. ஊகம், சோதனை, முடிவு என நீங்கள் ஆய்வுக்கூடத்தில் பின்பற்றும் முறைதான் இது.

ஜூன் 4ஆம் நாள் அமெரிக்கக் கப்பல்கள் காத்திருந்தன. அவற்றில் ரேடார் இருந்தது. ஜப்பானின் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களிலும் ரேடார் இல்லை. எதிரியைத் தேட அனுப்ப வேண்டிய ஒரு விமானமும் அரை மணி தாமதமாகக் கிளம்பியது. உயரத்திலிருந்து பாய்ந்த குண்டுவீச்சு விமானங்களைக் கண்ணால் கண்டபோது நேரம் கடந்துவிட்டது. சில நிமிடங்களில் மூன்று கப்பல்கள் தீப்பற்றின. மாலையில் நான்காவதும் பற்றியது. நான்கும் மூழ்கின. நம் கடலை விட்டுச் சென்ற இரண்டே மாதத்தில், ஐந்தில் மூன்று இல்லாமல் போயின. மீதி இரண்டும் 1944இல் மூழ்கின. ஜூன் மாதம் பிலிப்பைன் கடலில் ஷோகாகு, அக்டோபரில் லெய்டே வளைகுடாப் போரில் சுயிகாகு.

ஸ்டாலின்கிராடு: நிலத்தில் திரும்பிய போர்

எல்லாத் திருப்பமும் ரேடாரால் வந்தது என்று சொன்னால் அது அறிவியல் ஆகாது. நிலப்போரின் மிகப் பெரிய திருப்பம் ஸ்டாலின்கிராடு. 1942 நவம்பர் 19ஆம் நாள் தொடங்கிய தாக்குதலில் சோவியத் படை அந்நகரத்தின் இருபுறமும் பாய்ந்து ஜெர்மன் படையை வளைத்தது. 1943 பிப்ரவரி 2ஆம் நாள் எஞ்சியவர்களும் சரணடைந்தனர். சிறைப்பட்டோர் ஏறக்குறைய 91,000 பேர். தெருத் தெருவாகப் போரிட்ட மக்களின் உறுதியும், உறையும் குளிரும், ஆலைகளின் உழைப்பும் அங்கே தீர்ப்புச் சொல்லின. ஆயினும் நம் கேள்வி அங்கேயும் உண்டு. சோவியத் படைகள் இரவில் நகர்ந்து, பகலில் மறைந்து திரண்டன. எதிரியிடம் இவ்வளவு பலம் இருக்க முடியாது என்று ஜெர்மன் தலைமை நம்பிக்கொண்டிருந்தது.

அட்லாண்டிக், 1943: பத்து சென்டிமீட்டர்

பிரிட்டனுக்கு உணவும் எண்ணெயும் கடல்வழியே வந்தன. அவற்றை ஜெர்மன் நீர்மூழ்கிகள் இரவில் மேலே வந்து தாக்கின. நீர்மட்டத்துக்கு மேல் சிறிதளவே தெரியும் ஒரு பொருளை இருளில் காண்பது எப்படி? பல மீட்டர் அலைநீளம் கொண்ட அலையால் முடியாது. அதைக் குறுகிய கற்றையாகக் குவிக்க மிகப் பெரிய ஏரியல் வேண்டும். விமானத்தில் அதை எப்படி ஏற்றுவது?

1940 பிப்ரவரியில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டல், பூட் என்ற இரு இயற்பியலாளர்கள் விடை கண்டனர். குழிகள் குடைந்த ஒரு செம்புக் கட்டையில், காந்தப்புலத்தால் எலெக்ட்ரான்களைச் சுழலச் செய்து, சுமார் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள வலிமையான அலைகளை உண்டாக்கினர். அதன் பெயர் மேக்னட்ரான். உள்ளங்கையில் அடங்கும் அளவே. இன்று நுண்ணலை அடுப்பில் உணவைச் சூடாக்குவது இதன் வாரிசுதான். இந்த ரேடாரும், நெடுந்தூரம் பறக்கும் விமானங்களும், குறிமொழி உடைப்பும் சேர்ந்தபோது நிலைமை தலைகீழாயிற்று. 1943 மே மாதம் மட்டும் 40க்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகளை ஜெர்மனி இழந்தது. அம்மாதமே அவற்றை வட அட்லாண்டிக்கிலிருந்து திருப்பி அழைத்துக்கொண்டது.

எதிரொலியையும் ஏமாற்றலாம்

1943 ஜூலையில் ஹாம்பர்க் நகர் மீது பறந்த பிரிட்டிஷ் விமானங்கள் உலோகம் பூசிய காகித நாடாக்களைக் கொட்டின. நீளம் சுமார் 27 செ.மீ. ஏன் இந்த அளவு? ஜெர்மன் ரேடாரின் அலைநீளத்தில் அது பாதி. அரை அலைநீளமுள்ள கடத்தி அந்த அலைக்கு நன்றாக ஒத்திசைந்து, தன் உருவத்துக்கு மிஞ்சிய எதிரொலியைத் தரும். திரை முழுவதும் போலி விமானங்கள்! 1944 ஜூன் 6ஆம் நாள் நார்மண்டியில் நேச நாட்டுப் படை இறங்கியபோது, வேறொரு கடற்கரையை நோக்கி ஒரு கப்பற்படையே வருவது போல் இத்தகைய நாடாக்களால் தோற்றம் காட்டினார்கள்.

கடைசியாக ஹிரோஷிமா. 1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் காலை. அதற்கு முன் மற்ற ஜப்பானிய நகரங்களை எரித்த தாக்குதல்களில் நூற்றுக்கணக்கான விமானங்கள் வந்திருந்தன. அன்று வந்தவை மூன்றே மூன்று. எனவே பெருந்தாக்குதல் என்று எவரும் நினைக்கவில்லை. எண்ணிக்கை சரிதான். ஒரே விமானம் ஒரு நகரத்தை அழிக்க முடியும் என்பது அதுவரை உலகம் அறியாதது. எந்த ரேடார் திரையும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

உங்கள் தலைக்கு மேல்

சென்னைத் துறைமுகப் பகுதியில் ஓர் உயர்ந்த கட்டடத்தின் மேல் 2002இல் டாப்ளர் வானிலை ரேடார் ஒன்று நிறுவப்பட்டது. அலைநீளம் அதே 10 செ.மீ. 1942இல் வராத கப்பல்களுக்காக மக்கள் அஞ்சி ஓடிய அதே கரையிலிருந்து, வந்தே தீரும் புயல்களைப் பார்ப்பதற்காக வைக்கப்பட்ட கண் அது. எதிரொலி தருபவை இப்போது விமானங்கள் அல்ல, மழைத்துளிகள்.

இந்தக் கண்ணுக்கும் எல்லை உண்டு. பூமி உருண்டை அல்லவா? மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் அடிவானத்தின் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். கல்வராயன் மலையில் 900 மீட்டர் உயரத்தில் ஒருவர் நின்றால், சமவெளி கடல்போல் தட்டையாக இருக்குமானால், சுமார் 107 கி.மீ. வரை பார்க்கலாம். திருப்பிப் போட்டுப் பாருங்கள். சென்னையிலிருந்து கள்ளக்குறிச்சி நேர்கோட்டில் சுமார் 200 கி.மீ. சென்னையில் தரைமட்டத்திலிருந்து புறப்படும் அலை, கள்ளக்குறிச்சிக்கு மேலே ஏறக்குறைய 3 கி.மீ. உயரத்துக்கு மேற்பட்ட மேகங்களையே தொட முடியும். காற்று அலையைச் சற்று வளைப்பதாலும், ரேடார் உயரத்தில் இருப்பதாலும் இந்த அளவு குறையும். ஆனால் தாழ்ந்த மேகங்கள் மறைந்தே இருக்கும். அதனால்தான் ஒரு ரேடார் போதாது, பல ஊர்களில் வேண்டும், மழைமானியும் வேண்டும், மலையில் பெய்யும் மழையைப் பார்த்துக் கீழே உள்ளவர்களுக்குச் சொல்லும் மனிதரும் வேண்டும்.

ஆயிரத்தில் ஒரு வினாடியை அளக்க மனிதன் கற்றுக்கொண்டான். அடுத்த முறை வானொலியில் புயல் எச்சரிக்கை கேட்டால், பேர்ல் துறைமுகத்தின் முக்கால் மணி நேரத்தையும் சென்னையின் ஏப்ரல் மாதத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். அலட்சியமாகவும் இருக்காதீர்கள், வதந்தியையும் நம்பாதீர்கள். யார் பார்த்தார்கள், எப்படிப் பார்த்தார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேளுங்கள். விடை கிடைத்ததும் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்

1. ஓர் உயரமான சுவர் அல்லது பாறைக்கு எதிரே சுமார் 85 மீட்டர் தள்ளி நின்று ஒரு முறை கைதட்டுங்கள். எதிரொலி அரை வினாடியில் வரும். எதிரொலி கேட்கும் கணத்திலேயே அடுத்த தட்டு விழுமாறு தொடர்ந்து தட்டுங்கள். 20 இடைவெளிகளுக்கு ஆன நேரத்தை நண்பர் அளக்கட்டும். அதிலிருந்து ஒலியின் வேகத்தைக் கணக்கிடுங்கள்.

2. ஒரு ரேடார் எதிரொலி வினாடியில் ஆயிரத்தில் 2 பங்கு நேரத்தில் திரும்பியது. பொருள் எவ்வளவு தூரத்தில் உள்ளது? அது மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் கரையை நோக்கி நகரும் புயலானால், உங்களுக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது?